கழுத்து வலிக்குப் பத்து நாள் பிசியோதெரபி

22 வருஷமாகத் தையல் மிஷின் முன்னால் குனிந்தே காலம் போகிறது. தீபாவளி பிளவுஸ் சீசன் முடிந்ததும் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வலது கட்டைவிரல் வரை மரத்துப்போனது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, தேய்மானம்தான், பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடியில் இருக்கிறது கிளினிக். முதுகு வலிக்காரர்கள் ஏற வேண்டிய இடத்தில் லிஃப்ட் கிடையாது, படியோ செங்குத்து. ஒரு சிட்டிங் 400 ரூபாய், பத்துக்கும் சேர்த்து முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஐ.எஃப்.டி. என்று ஒரு மிஷினிலிருந்து வலிக்கிற இடத்தில் லேசான மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி சுகமாக இருக்கும், தூக்கமே வரும். ஆனால் கடைக்குத் திரும்பி நாலு பிளவுஸ் வெட்டினால் வலி பழையபடி வந்துவிடும். ஐந்தாம் நாள் மிஷினை மாட்டிவிட்டு என்னை மறந்தே போனார்கள்.

உண்மையில் பலன் கொடுத்தது பயிற்சிதான். “அக்கா, குனியாதீங்க, தாடையை நேரா பின்னால இழுங்க, ரெட்டைத் தாடை விழணும்” என்று அந்தப் பிசியோ பெண் கண்ணாடி முன் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து விநாடி பிடித்து, பத்து தடவை. அப்புறம் என் மிஷின் உயரத்தை விசாரித்து, அதன் காலுக்கடியில் கட்டை வைக்கச் சொன்னார். வைத்தேன். கட்டைவிரல் மரப்பு போய்விட்டது. இடது பக்கம் திரும்பினால் மட்டும் இன்னும் லேசாகப் பிடிக்கிறது.

போவதானால் காலையில் போங்கள். சாயங்காலக் கூட்டத்தில் பயிற்சி நேரத்தைத்தான் முதலில் குறைக்கிறார்கள்.