சேலத்தில் ரெட்டினாஸ்கோப் வாங்க ஏற்ற கடை

புதிய கல்வியாண்டு தொடங்கும் வேளையில், ஆப்டோமெட்ரி (கண் பார்வைப் பரிசோதனை) படிப்பில் இரண்டாம் ஆண்டுக்குள் நுழையும் மாணவர்கள் சொந்தமாக ஒரு ரெட்டினாஸ்கோப் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, அது திரும்பும் விதத்தைக் கொண்டு பார்வைக் குறைபாட்டை அளக்கும் கைக்கருவி) வாங்க நினைப்பது இயல்பு. அதற்காகச் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டியதில்லை. செர்ரி சாலையை ஒட்டிய குறுக்குத் தெருவில், மாடியில் இயங்கும் சிறிய கண் கருவிக் கடையே போதும்.

இந்தக் கடையை நான் பரிந்துரைக்க முதற்காரணம், அதன் பின்புறம் கறுப்புத் திரையிட்டு வைத்திருக்கும் சிற்றறை. அங்கே மேசைமீது மாதிரிக் கண் ஒன்று இருக்கிறது. அதைச் சுழியத்தில், அதாவது பார்வைக் குறைபாடு இல்லாத நிலையில் வைத்து, 67 சென்டிமீட்டர் தள்ளி அமர்ந்து, +1.50 டயாப்டர் (லென்ஸின் திறனைக் குறிக்கும் அலகு) லென்ஸைச் செருகிப் பார்த்தால், கருவியின் ஒளிக்கோட்டை எப்படி நகர்த்தினாலும் கண்மணி முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் அணைய வேண்டும். கோட்டை எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் அது மங்காமல், நேராக விழ வேண்டும். இவ்வளவையும் நிதானமாகச் சோதிக்க விடுகிறார்கள். பின்னால் ஆள் நிற்கிறது என்று அவசரப்படுத்துவதில்லை. கருவியின் கழுத்து வளையத்தை மேலே தள்ளினால் ஒளி விரிவதும், கீழே இறக்கினால் விரிவதும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதையும் கடைக்காரர் தாமாகவே எடுத்துச் சொன்னார்.

விலை குறைவு என்று 2.5 வோல்ட் கைப்பிடியை எடுப்போர் உண்டு. சாதாரண பேட்டரி போதும் என்பது அதன் வசதி. ஆயினும், சேர்வராயன் மலைக் கிராம முகாம்களில் கண்புரை முற்றிய முதியவர்களைப் பார்க்கும்போது ஒளிப் பிரதிபலிப்பு மங்கலாகவே கிடைக்கும், அங்கே 3.5 வோல்ட் கருவியின் கூடுதல் வெளிச்சம் பெரிதும் உதவும். புறப்படும்முன் சார்ஜ் போட்டுக்கொண்டால் போதும்.

குறை ஒன்று உண்டு. மொத்தத் தொகுப்பாக விற்கும் பெட்டியிலுள்ள ட்ரையல் ஃபிரேமின் (சோதனை லென்ஸ்களைச் செருகிப் பார்க்கும் கண்ணாடிச் சட்டம்) திருகு தளர்வாக இருப்பதால், சிதறல் பார்வையைத் திருத்தும் சிலிண்டர் லென்ஸின் அச்சு தானாகவே நழுவுகிறது. அச்சு 30 டிகிரி விலகினாலே அந்தத் திருத்தத்தின் பயன் முற்றிலும் போய்விடும் என்பதைப் படித்தவர்கள் இதைச் சிறு குறையாக எண்ண மாட்டார்கள். ஆகவே ஃபிரேமைத் தனியாகத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

முதலாமாண்டில் சேர்வோருக்கு உடற்கூறியலும் ஒளியியலுமே முதன்மைப் பாடங்கள் என்பதால், வெள்ளை கோட்டும் பி.டி. அளவுகோலும் (இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளப்பது) சிறு டார்ச்சும் போதும். பெற்றோர் இப்போதே பெரிய செலவு செய்ய வேண்டாம்.

ரெட்டினாஸ்கோப் வாங்குவோர் உதிரி பல்பு ஒன்றையும் சேர்த்து வாங்கி, கருவியின் வரிசை எண்ணை ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள்.