எல்லிஸ் தீவா, ஆர்ச்சர்ட் தெரு வீடா?

நியூயார்க்கில் ஒரே நாள்தான் இருக்கிறது, குடியேறிகளின் கதையைப் பார்க்க வேண்டும் என்றால் நான் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடத்துக்குத்தான் போகச் சொல்வேன். கப்பலில் வந்த குடியேறிகளைச் சோதித்து நாட்டுக்குள் அனுப்பிய எல்லிஸ் தீவு பிரமாண்டம்தான். 1892 முதல் 1954 வரை சுமார் 1.2 கோடிப் பேர் அந்த வழியாக வந்தார்கள், நோய் இருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டவர்களின் மேலங்கியில் சாக்பீஸால் குறி போட்டதும் அங்கேதான். படகு டிக்கெட்டிலேயே சுதந்திர தேவி சிலையையும் பார்த்துவிடலாம்.

சரி, ஊருக்குள் வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? 1863இல் கட்டிய அந்த ஆர்ச்சர்ட் தெருக் கட்டடம் இப்போது டெனிமென்ட் மியூசியம்; டெனிமென்ட் என்றால் பல குடும்பங்கள் நெருக்கி வாடகைக்கு இருந்த அடுக்குக் குடியிருப்பு. அதில் ஒரு வீடு என்றால் சமையலறை, கூடம், வெளிச்சம் சரியாக எட்டாத குட்டிப் படுக்கையறை, எல்லாம் சேர்ந்து 325 சதுர அடி. அதற்குள் குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டு, பகலெல்லாம் துணி தைத்து விற்ற குடும்பமும் இருந்தது. வழிகாட்டியோடுதான் வீடுகளுக்குள் போக முடியும், டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.