சிறு மதிப்புப் பணம்: நோட்டா, நாணயமா?

சிறு மதிப்பு நோட்டுதான் அதிகம் கை மாறுகிறது. அதனால் சீக்கிரம் கசங்கிக் கிழிவதும் அதுதான். சில ஆண்டுகளிலேயே அதை அழித்துவிட்டுப் புதிதாக அச்சிட வேண்டியிருக்கிறது. நாணயம் தயாரிக்க முதலில் கூடுதலாகச் செலவாகும். ஆனால் பல பத்தாண்டுகள் உழைக்கும், தேய்ந்த பிறகும் உருக்கிக்கொள்ளலாம்.

சுமக்க வசதி எது? சந்தேகமே இல்லை, நோட்டுதான். நாணயம் கனக்கிறது, வீட்டு உண்டியலில் தேங்கியும் விடுகிறது. அதனால் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் எண்ணிக்கையைவிட அதிகமாகவே நாணயங்களை வெளியிட வேண்டிவரும்.

என் மனம் நாணயத்தின் பக்கம் சாய முக்கியக் காரணம் பார்வையற்றவர்கள். கனம், அளவு, விளிம்பின் வரிகள் எல்லாவற்றையும் விரலால் தடவியே அறியலாம். அமெரிக்க டாலர் நோட்டுகளோ எல்லா மதிப்பிலும் ஒரே அளவு. தடவிப் பார்த்து எப்படிப் பிரிப்பது?

சரி, மாற்றம் எங்கே பலித்தது? பிரிட்டன் 1983இல் ஒரு பவுண்டு நாணயத்தைக் கொண்டுவந்து, 1988இல் நோட்டைச் செல்லாததாக்கியது. கனடா 1987இல் ஒரு டாலர் நாணயத்தை வெளியிட்டு, 1989இல் நோட்டை நிறுத்தியது. அமெரிக்கா 1979, 2000, 2007 என மூன்று முறை புது டாலர் நாணயம் வெளியிட்டும் நோட்டைக் கைவிடவில்லை. மக்கள் பழகிய தாளிலேயே நின்றார்கள், நாணயங்கள் பெட்டகங்களில் குவிந்தன. இரண்டையும் சேர்த்து ஓடவிடுவதுதான் மிக மோசமான வழி.

விலைவாசி வேகமாக ஏறும் நாடுகளுக்கு மட்டும் நாணயத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே உலோகத்தின் விலை முகமதிப்பைத் தாண்டினால், நாணயங்களை உருக்கி விற்கத் தொடங்கிவிடுவார்கள்.