சந்தையில் நடந்த பசு, தொழுவத்தில் நொண்டியது

சென்ற ஐப்பசியில், திருநெல்வேலிப் பக்கத்துச் சந்தை ஒன்றிலிருந்து ஒரு ஜெர்சிக் கலப்பினப் பசுவை 62,000 ரூபாய் கொடுத்து முக்கூடலை அடுத்த எங்கள் ஊருக்கு ஏற்றி வந்தேன். இரண்டாம் ஈத்து, கன்று போட்டு இருபது நாள், வேளைக்கு ஆறு லிட்டர் என்று தரகர் சொன்னார். பால் கணக்கில் அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிப்பதற்கு முன் பல்லைப் பார்த்தேன், மடியைத் தடவினேன், நான்கு காம்பிலும் பீச்சிப் பார்த்தேன். காலை மட்டும் பார்க்கவில்லை. குளம்புக்கு மேல் வரை சேறு அப்பியிருந்தது. கேட்டபோது, "மழைச் சேறு அண்ணாச்சி, காய்ந்தால் உதிர்ந்துவிடும்" என்றார். ஈரத் தரையில் பத்தடி நடத்திக் காட்டினார். பசுவும் நன்றாகவே நடந்தது.

மூன்றாம் நாள் காலையில் அது முதுகை வில்லாக வளைத்து, வலது பின்னங்காலின் நுனியை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டு நின்றது. பால் மூன்று லிட்டராகக் குறைந்தது. சேற்றைக் கழுவியபோது வெளிப்பக்கக் குளம்பின் அடியில், குதிப்பக்கமாக, தார் பூசி அடைத்த ஓர் இடம் தெரிந்தது. கட்டை விரலால் அழுத்தியவுடன் காலை உதறிவிட்டது. கழுத்தில் ஊசி போட்ட வீக்கமும் இருந்தது. பக்கத்து வீட்டார் கோமாரி என்றார்கள். ஆனால் காய்ச்சலோ வாயில் புண்ணோ எச்சில் வடிதலோ இல்லை, ஒரு காலில்தான் வலி.

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். அடிக்குளம்புப் புண் என்றார்கள். மாட்டின் பின்னங்காலில் வெளிக்குளம்பே கூடுதல் பாரம் தாங்குவதால் இத்தகைய புண் பெரும்பாலும் அங்கேதான் வரும் என்றும், சந்தையன்று நொண்டாமல் நடந்ததற்கு வலி மறைக்கும் ஊசியே காரணமாக இருக்கக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். குளம்பின் தளர்ந்த கடினப் பகுதியைச் செதுக்கிவிட்டு, நலமாக இருந்த உள்குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டினார்கள். பாரம் அதன்மேல் விழ, புண்ணுள்ள குளம்பு தரையில் படாமல் ஆற வேண்டும் என்பதற்காக.

தரகரை அழைத்தபோது, எங்கள் தொழுவத்துச் சிமெண்டுத் தரைதான் காரணம் என்றார். கடினத் தரை குளம்பைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் குளம்பின் கடினப் பகுதி மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான் வளரும். அதைத் துளைத்து வெளிவந்த புண் இரண்டு நாளில் உண்டாகாது. இதைச் சொன்ன பிறகு அவர் என் அழைப்பை எடுப்பதில்லை.

ஆகவே மாடு வாங்குவோர், ஒரு குடம் தண்ணீர் கேட்டு நான்கு காலையும் கழுவச் சொல்லுங்கள். சேற்றில் நடக்கவிடாமல் தார்ச்சாலையில் நடத்தி, இரு பக்கமும் திருப்பி, முதுகு வளைகிறதா என்று பாருங்கள். காலைத் தூக்கி அடிக்குளம்பைப் பார்க்க விடாதவரிடம் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். முடிந்தால் பாதிப் பணத்தை மூன்று நாள் கழித்துத் தருவதாகப் பேசுங்கள். ஊசியின் வேகம் பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். வாங்கிய பின் நொண்டினால் சூடு போட்டு நாளைக் கடத்தாமல், 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எங்கள் பசுவின் மரக்கட்டையை ஆறாவது வாரத்தில் எடுத்தார்கள். இப்போது நடக்கிறது, பால் நாலரை லிட்டரைத் தாண்டவில்லை. பங்குனியில் அதே சந்தைக்குப் போயிருந்தேன். தரகரின் கையில் வேறொரு பசுவின் கயிறு இருந்தது. மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தும் அதன் பின்னங்கால்களில் ஈரச் சேறு அப்பியிருந்தது.