அம்மாவின் எம்.சி.ஆர். செருப்பு: 8 மாதம் போட்டுப் பார்த்த பிறகு

போன வருஷம் வைகாசி 1, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் சிரசை (தலையை) ஊர்வலமாக எடுத்து வரும் நாள். அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை வந்து 18 வருஷம் ஆகிறது. சிரசு பார்க்க வெறுங்காலில்தான் போவேன் என்பது அவர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வைத்திருக்கும் வேண்டுதல். அன்றும் அப்படியே போனார். இந்தப் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். மத்தியானம் வந்து கால் கழுவ உட்கார்ந்தபோது, வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே தோல் வழண்டு தொங்கிக்கொண்டிருந்தது. "எப்பம்மா சுட்டுது?" என்று கேட்டேன். "சுட்டுதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்தப் புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றினோம். அங்கே ஒரு சிஸ்டர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, அது வளையும் வரை அழுத்தினார். 10 கிராம் எடை அளவுக்கு அழுத்தும் இழை அது. தொடுவது தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டும். பத்து இடத்தில் வைத்தார். அம்மா மூன்று முறைதான் 'ம்' சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பீடி சுற்றி எங்களைப் படிக்க வைத்தவர், முறத்தை மடியில் வைத்துக் காலை நீட்டி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். அந்தக் கால் எப்போது மரத்துப்போனது என்று வீட்டில் யாருக்குமே தெரியவில்லை.

சிஸ்டர், "புண் ஆறினதும் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்க, வீட்டுக்குள்ளயும் கழட்டக் கூடாது" என்றார். மரத்த காலில் காயம் வராமல் காக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அது. அம்மா அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்ததும், "அது பெருவியாதிக்காரங்க போடற செருப்புடி. அத்த மாட்டிக்கினு நான் தெருவுல நடந்தா பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க?" என்றார். பெருவியாதி என்று அவர் சொன்னது தொழுநோயை. நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

அதனால் முதலில் வாங்கியது வேறு செருப்பு. ஒரு பெரிய கடையில் 'சுகர் பேஷண்ட் ஸ்பெஷல்' என்று எழுதி வைத்திருந்தார்கள். 1,450 ரூபாய். கையால் அழுத்தினால் பஞ்சு மாதிரி இருந்தது. பார்க்கவும் அழகு. ஆனால் பின்வார் கிடையாது. மரத்த காலிலிருந்து செருப்பு கழன்று போனால் அந்தக் காலுக்குத் தெரியாது. அம்மா இரண்டு முறை ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மூன்றாவது வாரம் தரையில் ரத்தத் திட்டு. வாரை இறுக்க அடித்திருந்த சின்ன ஆணி ஒன்று அட்டையைத் துளைத்து மேலே வந்திருந்தது. அந்த ஆணி மேலேயே அம்மா ரேஷன் கடை வரை போய் அரிசியும் வாங்கி வந்திருக்கிறார்.

அப்புறம்தான் வேலூருக்கு பஸ் ஏறினோம்.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு சந்துக்குள் சின்னப் பட்டறை. ஒருவர்தான் வெட்டுவது, ஒட்டுவது, தைப்பது எல்லாம். உள்ளே போனதும் விலை பேசவில்லை, செருப்பைக் காட்டவும் இல்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். அம்மா பதறிப்போய்க் காலை இழுத்தார். "இருக்கட்டும்மா, பார்த்தால்தானே தைக்க முடியும்" என்று சொல்லி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தார், குதிகாலைத் தடவினார், புண் ஆறிய இடத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு காகிதத்தின் மேல் நிற்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு காலுக்கும் தனித்தனியாகக் கோடு போட்டார். இடது கால் ஒரு சுற்று பெரிது என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைசியாக ஒரு கேள்வி: "வார் என்ன கலர் வேணும்மா?"

அம்மா பழுப்பு என்றார். இந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் பட்டறைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அன்று பெஞ்சில் இன்னொரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கைவிரல்கள் மடங்கியிருந்தன. அம்மா பெஞ்சின் மறு கோடிக்குப் போய், நுனியில் உட்கார்ந்தார். அதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். சிறு வயதில் தொழுநோய் வந்து, மாத்திரையில் எப்போதோ குணமானவர் அவர். கிருமி போய்விட்டது, போன உணர்ச்சி திரும்பவில்லை. தன் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தெனமும் ராத்திரி கண்ணாடிய கீழ வெச்சு உள்ளங்காலப் பாரும்மா. போடறதுக்கு முன்னாடி செருப்புக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாரு. நமக்குக் கால் பேசாது, கண்ணுதான் பேசணும்" என்று அம்மாவிடம் சொன்னார். எந்த டாக்டர் சொல்லியும் செய்யாத அம்மா, அன்று ராத்திரியே என் மேக்கப் கண்ணாடியை வாங்கிக்கொண்டார். இன்று வரை அதைத் திருப்பித் தரவில்லை.

நான் கேட்காமலேயே அந்தப் பெரியவர் இன்னொன்றும் சொன்னார். இளவயதில் ஒரு தடவை பஸ்ஸில் கையைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் இறக்கிவிட்டார்களாம். வீட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்ததில் காலில் வந்த முதல் புண், ஒரு விரலோடு போயிற்றாம். கோபமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். தொழுநோய் வந்த ஏழைகளைப் பிடித்து அடைத்து வைக்க வெள்ளைக்காரன் 1898இல் போட்ட சட்டம் 2016இல்தான் ரத்தாகியிருக்கிறது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்ததை 2019இல்தான் நீக்கியிருக்கிறார்கள். இதற்குக் கூட்டுமருந்து 1980களிலிருந்தே இருக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணம், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மருந்து வந்து இத்தனை வருஷம் கழித்துத்தான் சட்டம் மாறியது. எங்கள் வீட்டில் அதைவிடவும் தாமதம்.

இந்தச் செருப்புக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவைப் பட்டறைக்காரர்தான் சொன்னார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு) வந்தவர். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் நோயாளிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு காயமும் எங்கிருந்து வந்தது என்று தேடினார். சூடான பாத்திரம், அழுத்தும் செருப்பு, கல், முள். ராத்திரி தூங்கும்போது எலி கடித்துக்கூட விரல் போயிருக்கிறது. வலி தெரியாததால் அவர்கள் விழிக்கவில்லை. நோய் உணர்ச்சியைத்தான் எடுக்கிறது, விரலை எடுப்பது காயம் என்று புரிந்த பிறகு, காயம் வராத செருப்புக்காக அவரும் கூட வேலை செய்தவர்களும் பலவகைப் பொருள்களை முயன்று பார்த்து, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். எம்.சி.ஆர். என்பது அந்த 'மைக்ரோ செல்லுலர் ரப்பர்'தான். 1955இல் தொடங்கிய, வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியும் இந்த வேலையோடு வளர்ந்தது. பட்டறைக்காரரின் குரு தொழுநோய் ஆஸ்பத்திரிப் பட்டறையில் தொழில் கற்றவராம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து உலகம் முழுக்க ஷூ போகிறது. அதே வட ஆற்காட்டில், யாரும் தொடத் தயங்கிய கால்களுக்காக இப்படி ஒரு செருப்பும் உருவாகியிருக்கிறது. 40 வயது வரை எனக்கு இது தெரியாது.

சரி, செருப்பு எப்படி? மேலே மெத்தென்ற எம்.சி.ஆர். அட்டை, கீழே முள் ஏறாத கெட்டி சோல். ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் பசையும் தையலும்தான். முன்னால் இரண்டு வார், பின்னால் ஒன்று, மூன்றும் ஒட்டிக் கழற்றும் வகை. கால் வீங்கும் நாளில் தளர்த்திக்கொள்ளலாம். நீங்கள் எங்கே வாங்கினாலும் ஒன்று செய்யுங்கள்: அட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்து அழுத்துங்கள். பாதி கனத்துக்கு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். வெறும் பஞ்சாக இருந்தால் முழுக்க அமுங்கிவிடும், கால் நேராகக் கெட்டி சோலில் உட்காரும். நாங்கள் முதலில் ஏமாந்தது அங்கேதான். புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடச் சொன்னார் பட்டறைக்காரர். கழற்றியதும் காலில் சிவப்புத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரல் ஓரத்தில் தெரிந்தது. எடுத்துப் போனோம்; அந்த வாரை மட்டும் பிரித்துத் தள்ளித் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

விலை 800 ரூபாய். தொழுநோயால் கால் மரத்தவர்களுக்கு அரசுத் திட்டத்திலேயே எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பெரியவருக்கு அது தேய்ந்தால் ஒட்டி, வார் மாற்றித் தருவது இந்தப் பட்டறையில்தான். அவரிடம் காசு வாங்கி நான் பார்க்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளில் கிடைக்காது. நான்கு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது, அதற்குள் வேலூருக்கு ஒரு வீண் பயணம். மழையில் நனைந்தால் காய ஒரு நாள் ஆகும். ஒட்டும் வாரில் தூசியும் முடியும் சேர்ந்து பிடிப்பு குறைகிறது, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பெரிய குறை பட்டறை வாசலில். கால் சரியில்லாதவர்கள் வரும் இடத்துக்கு மூன்று உயரப் படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. அவரிடமே சொன்னேன். வாடகை இடம் என்றார். கட்டட உரிமையாளர் இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு இரும்புக் குழாயாவது பதித்துக் கொடுங்கள்.

எட்டு மாதத்தில் அம்மாவின் காலில் புதிய புண் ஒன்றுகூட வரவில்லை. மரத்த இடம் மரத்ததுதான், அதைச் செருப்பு சரிசெய்யாது. சர்க்கரைக்கு மாத்திரையும் நடையும் தொடர்கின்றன. இந்த வைகாசி 1 அன்று, தரை சுடும் முன் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய், சன்னதியில் மட்டும் செருப்பைக் கழற்றினார். சிரசு வரும்போது தெருவோரம் செருப்போடு நின்று கும்பிட்டார். பக்கத்து வீட்டு அக்கா, "இன்னா பெரியம்மா, ஆஸ்பத்திரி செருப்பா?" என்று கேட்டார். "ஆமா, பெருவியாதிக்காரங்களுக்குப் பண்ண செருப்பு. உனக்கும் சுகர் இருக்குதுல்ல, நீயும் ஒண்ணு வாங்கு" என்றார் அம்மா.

அட்டை இப்போது குதிகாலில் கொஞ்சம் படிந்துவிட்டது. அழுத்தினால் முன்போல எழும்புவதில்லை. அதனால் போன செவ்வாய்க்கிழமை அடுத்த ஜோடிக்கு அளவு கொடுத்தோம். அந்தப் பெரியவரும் வந்திருந்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் காட்டினார். வார் இந்த முறை மெரூன் கலர் கேட்டிருக்கிறார்.