ஈஎஸ்லின்டா, சோனார்க்யூபா?

"அண்ணா, புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலே பிழை பிடிக்க எதைப் போடலாம்?" பெங்களூரு ஸ்டார்ட்-அப்களில் சேரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. அதற்கான இரண்டு கருவிகள்தான் ஈஎஸ்லின்ட், சோனார்க்யூப்; ஒப்பிட்டுப் பார்ப்போம்.

செலவு:
ஈஎஸ்லின்ட் முழுக்க இலவசம்.
சொந்த சர்வரில் நிறுவும் சோனார்க்யூபுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் மெயின் பிராஞ்சை (புராஜெக்டின் முதன்மைப் பிரதியை) மட்டும்தான் அலசும். புல் ரிக்வெஸ்டிலேயே, அதாவது மாற்றத்தை அதில் சேர்க்கும் முன்பே, குறை தெரிய வேண்டுமென்றால் காசு.

நிறுவுவது:
ஈஎஸ்லின்டுக்கு என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) ஒரு கட்டளை போதும்.
சோனார்க்யூபுக்கு சர்வர், டேட்டாபேஸ், கவனித்துக்கொள்ள ஓர் ஆள்.

பிழை பிடிப்பது:
ஈஎஸ்லின்ட் டைப் செய்யும்போதே எடிட்டரில் கோடிட்டுக் காட்டும். டேட்டாபேஸில் சேமிக்கும் ஃபங்ஷனை அழைக்கும்போது 'அவெய்ட்' (வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் சொல்) விட்டுப்போகிறது என்று வையுங்கள். டெஸ்டில் சரியாகவே ஓடும். அப்புறம் ஒருநாள் சேமிப்பு தோற்றாலும் திரையில் 'வெற்றி' என்றே வரும். ஈஎஸ்லின்டோடு சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் (டைப் வசதி சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) பிளகினின் 'நோ-ஃப்ளோட்டிங்-பிராமிசஸ்' விதி அந்த வரியிலேயே பிடித்துவிடும். இந்த ஒரு விதிக்காகவே நான் அதைப் பரிந்துரைப்பேன்.
சோனார்க்யூப் மொத்த புராஜெக்டையும் பார்க்கும்: நாலு ஃபைலில் நகலாகிக் கிடக்கும் பகுதி, டெஸ்ட் தொடாத இடம். அதன் இயல்பான குவாலிட்டி கேட் (தேர்ச்சிக்கான நிபந்தனைகள்), புதிதாக எழுதியதில் 80 சதவீத டெஸ்ட் கவரேஜ், அதாவது அவ்வளவு பகுதியை டெஸ்ட் தொட்டிருக்க வேண்டும் என்று கேட்கும்.

மொழி:
ஈஎஸ்லின்ட் முக்கியமாக ஜாவாஸ்கிரிப்டுக்கு.
சோனார்க்யூப் ஜாவா, பைதான், பிஎச்பியும் பார்க்கும்.

கோரமங்களாவில் நாலைந்து பேர் ரியாக்ட் (திரைகளை உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) எழுதும் குழுவா? ஈஎஸ்லின்டே போதும், எச்சரிக்கை வந்தால் பில்ட் நிற்கும்படி வையுங்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் பல குழுக்கள், ஜாவா பேக்எண்ட் (சர்வர் பக்க வேலை) என்றால் சோனார்க்யூப் வேண்டும். அங்கேயும் ஃபிரண்ட்எண்ட் (திரைப் பக்கம் எழுதும்) ஆட்கள் எடிட்டரில் ஈஎஸ்லின்டை விட்டுவிட வேண்டாம்.