மாத்திரை அட்டையின் பின்பக்கம்

இந்த முறை ஏழு வாரம் ஊரில் இருந்தேன். விமானம், ரயில், வங்கி, பத்திரப்பதிவு அலுவலகம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்ததெல்லாம் பாளையங்கோட்டையில் எனக்கு நேர்ந்த ஆறு நாள் மலச்சிக்கலைப் பற்றியும், அதை உண்டாக்கிய ஒரு மருந்துக்கடையையும் தீர்த்துவைத்த இன்னொரு மருந்துக்கடையையும் பற்றியும்தான். வயிற்றுச் சங்கதியை நாலு பேர் படிக்க எழுதலாமா என்று என் மகள் முகம் சுளித்தாள். அவள் இங்கிலாந்தில், நாங்கள் குடியிருக்கும் லெஸ்டரில் பிறந்தவள். முழுப்பரீட்சை விடுமுறையில் விடியற்காலை விளக்கெண்ணெய் குடிக்கவைக்கப்பட்டு, வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் கொல்லைப்புறத்துக்கு வரிசை கட்டி ஓடி, மத்தியானம் ரசம் சோறு மட்டும் தின்று படுத்துக்கிடந்த நாள்கள் அவளுக்குத் தெரியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு இடப்பக்க விலாவில் அக்கி வந்தது. ஊரில் இருந்திருந்தால் வேளார் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொண்டிருப்பேன். லெஸ்டரில் வைரஸுக்கு மாத்திரை கொடுத்தார்கள். கொப்புளங்கள் சில வாரங்களில் ஆறிவிட்டன. நரம்பில் ஏறிய எரிச்சல் மட்டும் இறங்கவில்லை. பனியன் உரசினாலே தீக்குச்சியால் கோடு இழுத்தது போல் இருக்கும். அதற்காக இரவில் 25 மில்லிகிராம் அமிட்ரிப்டிலினும், காலையிலும் இரவிலும் 75 மில்லிகிராம் பிரிகாபலினும் சாப்பிடுகிறேன். வலி பாதியாகக் குறைந்தது. கூடவே குடலும் மந்தமாகிவிட்டது. குடல் தசை சுருங்கி விரிவதற்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். அமிட்ரிப்டிலின் அதன் வேலையைத் தடுக்கிறது. உள்ளே இருப்பது மெதுவாக நகர நகர, பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், கடைசியில் மிஞ்சுவது கூழாங்கல்தான். பிரிகாபலினும் தன் பங்குக்குச் சிறிது சேர்க்கும். சிலருக்கு வலி மிஞ்சும்போது டிராமடால் கொடுப்பார்கள். அது அபினி வகையைச் சேர்ந்தது, குடலைக் கட்டிப்போடுவதில் இவ்விரண்டையும் மிஞ்சியது. நல்ல வேளையாக எனக்கு அது இல்லை.

இதைச் சமாளிக்க மேக்ரோகால் என்ற பொடியை நாளுக்கு ஒரு பொட்டலம் 125 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிப்பேன். எலுமிச்சை வாசனை போட்ட உப்புத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது குடலைத் தூண்டுவதில்லை. தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது, அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் இரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது.

சிக்கல் இங்கிலாந்தில்தான் தொடங்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் முதல் பிரிகாபலின் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஒரு தடவைக்கு 30 நாளுக்கு மேல் எழுத வேண்டாம் என்பது மருத்துவர்களுக்கான அறிவுறுத்தல். ஏழு வாரம் போகிறேன் என்று பயணச்சீட்டைக் காட்டியும் பயனில்லை. அமிட்ரிப்டிலின் இரண்டு மாதத்துக்குக் கிடைத்தது. பிரிகாபலின் முப்பது நாளுக்குத்தான் கிடைத்தது. இந்தியாவில் இந்த மாத்திரை தாராளமாகக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் கிளம்பிவிட்டேன். மேக்ரோகால் பெட்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை எடை கூடுகிறது என்று வெளியே எடுத்துவைத்தேன்; அந்த இடத்தில் அண்ணன் பேரனுக்குச் சாக்லேட் போயிற்று.

ஐந்தாவது வாரம் பிரிகாபலினும் மேக்ரோகாலும் ஒன்றாகத் தீர்ந்தன. பேருந்து நிலையத்துப் பக்கம் கூட்டம் நெரியும் ஒரு கடைக்குப் போய்க் காலி அட்டையைக் காட்டினேன். கவுண்டரில் நின்ற பையன் செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டே, “இந்தக் கம்பெனி வராது சார். இது அதேதான், இன்னும் நல்லாக் கேட்கும்” என்று வேறொரு அட்டையை எடுத்தான். மருத்துவர் சீட்டு கேட்கவில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் கேட்கவில்லை. இரண்டு முழு அட்டையும், மூன்றாவதில் கத்தரியால் வெட்டிய எட்டு மாத்திரையும் காக்கிக் கவரில் விழுந்தன. தகவல் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். “தாளா?” என்றான். அவன் கேட்ட தோரணையில், மாத்திரைக்கு ஜாதகம் கேட்டவனாகிவிட்டேன். லெஸ்டரில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மடித்து மடித்துச் செருகிய தாள் ஒன்று இருக்கும். அதை விரித்தால் மறுபடி மடிக்க முடியாது என்று எத்தனையோ முறை சலித்துக்கொண்டவன் நான்.

அட்டையின் முன்பக்கம் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருந்தது. 75 என்ற எண்ணும் இருந்தது. அந்த எண்ணே எனக்குப் போதுமானதாகப் பட்டது. பின்பக்கத்தில் வெள்ளித்தாள் பளபளப்பின் மேல் எறும்பு ஊர்ந்தது போல் ஆங்கிலத்தில் என்னவோ இருந்தது. நான் படிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வாய் வறண்டது. பகலிலேயே தூக்கம் தள்ளியது. நாளிதழ் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. காலையில் குளியலறைக்குப் போனால் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வரவேண்டியிருந்தது. இங்கே இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். அண்ணன் வீட்டில் இருந்த பழைய இந்தியக் கழிப்பிடத்தை, வெளிநாட்டிலிருந்து தம்பி வருகிறான் என்று, நான் வருவதற்குள் இடித்துவிட்டு வெஸ்டர்ன் வைத்திருந்தார்கள். குந்தி உட்கார்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகி வேலை எளிதாகும் என்பதால், அங்கே மருத்துவமனையில் காலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு முட்டியை உயர்த்தி உட்காரச் சொல்லிப் படம் போட்ட தாளே கொடுத்திருக்கிறார்கள். ஊருக்குப் போனால் அந்த வசதி இயல்பாகவே இருக்கும் என்று ஆசையோடு வந்தவனுக்குப் பீங்கான் சிம்மாசனம் காத்திருந்தது. மூன்றாம் நாள், பூஜை அறைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த பழைய மணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மதினி பார்த்துவிட்டார். அது அவர் கல்யாணத்துக்குப் போட்ட மணையாம். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை.

மலச்சிக்கல் என்று தெரிந்ததும் தெருவே வைத்தியரானது. தண்ணீர் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அண்ணன். புரோட்டாவைக் குற்றம் சொன்னார் எதிர்வீட்டுக்காரர். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. கொய்யா வந்தது, நாட்டுப்பழம் வந்தது, கடுக்காய்ப் பொடி வந்தது. மேக்ரோகால் தீர்ந்ததுதான் காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் யாரோ சொல்லி இசப்கோல் உமி வாங்கி இரண்டு கரண்டியை அரை டம்ளர் தண்ணீரில் குடித்தேன். நல்ல மருந்துதான், ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பருமனாகும் சரக்கு. அசைகிற குடலுக்கு அது உதவும், மருந்தால் அசையாமல் கிடக்கும் குடலில் அடைப்புக்கு மேல் அடைப்பாகத்தான் போய்ச் சேரும், அதிலும் தண்ணீர் போதவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். வயிறு மத்தளமாயிற்று.

நிலாவரை சாப்பிடேன் என்றார் அண்ணன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைந்து கப்பல் ஏறும் அந்த இலையைத்தான் வெள்ளைக்காரன் ‘டின்னவெல்லி சென்னா’ என்று எங்கள் ஊர்ப் பெயரையே வைத்து மருந்து நூலில் ஏற்றினான். லெஸ்டர் கடையில் பழுப்பு மாத்திரையாக நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் வயிறு இப்படிக் கல்லாக இருக்கும்போது தூண்டிவிட்டால் முறுக்கி வலிக்கும் என்ற பயம் வந்துவிட்டது.

ஆறாம் நாள் மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு சிறிய கடைக்குப் போனேன். கவுண்டரில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். முன்னால் ஐந்தாறு பேர். லெஸ்டர் வழக்கப்படி குரலைத் தாழ்த்தி, “வயிறு கொஞ்சம் சரியில்லை” என்றேன்.

“லூஸா போகுதா, போகவே இல்லையா சார்?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

“போகவில்லை.”

“எத்தனை நாளாச்சு மோஷன் போயி?”

“ஆறு நாள்.”

பக்கத்தில் நின்ற ஆச்சி, “எய்யா! ஆறு நாளா?” என்று கன்னத்தில் கை வைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். காது மடல் சுட்டது. லெஸ்டரில் இதற்கென்றே கதவு மூடிய சிறு அறை ஒன்று உண்டு. அங்கே மூக்கடைப்புக்கு மருந்து வாங்கக்கூட என்னை உள்ளே அழைத்திருக்கிறார்கள். இங்கே அந்தப் பெண் அடுத்த கேள்விகளையும் அதே குரலில் கேட்டார்: வாந்தி உண்டா, வயிற்றில் பிடித்து இழுக்கும் வலி உண்டா, வாயு பிரிகிறதா, இரத்தம் பட்டதா. வாயு பிரிகிறது என்று சொன்னதும் ஆச்சிதான் முதலில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். பிரியவில்லை, வாந்தியும் இருக்கிறது என்றால் கடையில் நிற்க வேண்டிய ஆள் இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அந்தப் பெண் விளக்கினார்.

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். மருந்து எடுத்துக் கொடுக்காமல், “நீங்க தினமும் போடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க” என்றார். வேகாத வெயிலில் வீட்டுக்குப் போய்த் துணிப்பையோடு திரும்பினேன். பையைக் கவுண்டரில் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். புது அட்டை வந்ததும் நிறுத்தினார்.

“சார், இது வெறும் பிரிகாபலின் இல்லை. கூட நார்ட்ரிப்டிலின் பத்து மில்லிகிராம் இருக்கு. நீங்க ராத்திரி போடுறதும் அதே வகைதான்.”

பின்னால் விவரமாகப் புரிந்துகொண்டேன். அமிட்ரிப்டிலின் கல்லீரலில் சிதைந்து மாறுவதே நார்ட்ரிப்டிலினாகத்தான். ஒன்றை 25 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், அதன் பிள்ளையையும் நாளுக்கு 20 மில்லிகிராம் தெரியாமல் சேர்த்து விழுங்கியிருக்கிறேன். வாய் வறண்டது, தூக்கம் தள்ளியது, எழுத்து மங்கியது, குடல் நின்றது எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. பின்பக்கத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். அதைப் படிக்க விடாமல் கண்ணையும் அதுவே மங்கவைத்தது. நரம்பு வலிக்கு இங்கே இப்படிக் கூட்டு மாத்திரைகள் ஏராளம். பிரிகாபலினோடு மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமின் சேர்த்தது ஒன்று, நார்ட்ரிப்டிலின் சேர்த்தது ஒன்று, மூன்றையும் சேர்த்தது ஒன்று என்று எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பெயரில், கடைசி எழுத்து ஒன்றிரண்டு மட்டும் மாறி வருகின்றன. முதல் கடைக்காரப் பையனுக்கு இவை எல்லாம் ‘அதேதான்’.

சரி, நிறுத்திவிடுகிறேன் என்றேன். அதையும் தடுத்தார். பிரிகாபலினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் எழுதி வாங்கி வாருங்கள், தனி மாத்திரையாகத் தருகிறேன் என்று இரண்டு கட்டிடம் தள்ளியிருந்த கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே வயிற்றை அமுக்கிப் பார்த்துச் சீட்டு எழுதினார்கள். சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. திரும்பி வந்ததும் ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் மருந்து இரண்டு கொடுத்து, உள்ளே வைத்தால் அரை மணி நேரத்துக்குள் வேலை செய்யும், வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இந்த வெயிலுக்கு உருகிவிடும் என்றார். தினமும் குடிக்க மேக்ரோகால் பொடியும் இருந்தது. பக்கத்திலேயே இருந்த பெரிய பொட்டலத்தை நான் கை நீட்டியபோது, “ஐயோ, அது வேண்டாம்” என்று பிடுங்கிவைத்தார்; அது பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முன்னால் இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் குடலையே கழுவும் சரக்காம்.

அன்று சாயங்காலத்தை விவரிக்கப்போவதில்லை. மணை உதவியது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

லெஸ்டர் அறையின் கதவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் மூன்று ஆண்டுகளில் என் வலி பத்துக்கு எத்தனை என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். கழிப்பறைக்கு ஒழுங்காகப் போகிறீர்களா என்று ஒருவரும் தாமாகக் கேட்டதில்லை. அமிட்ரிப்டிலினைத் தொடங்கியபோதே மலமிளக்கியும் எழுதியிருக்கலாம். நானே பல மாதம் கழித்து, அந்த மடிக்க முடியாத தாளைப் படித்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். எல்லாம் தாளில் இருக்கிறது என்று அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்; இங்கே தாள் இல்லை, வாய் இருக்கிறது, அந்த வாய் யாருடையது என்பது நம் அதிர்ஷ்டம். மார்க்கெட் பக்கத்துக் கடை, பேருந்து நிலையத்துக் கடையில் பாதி அளவுதான். அந்தப் பெரிய கடையிலும் சட்டப்படி ஒரு மருந்தாளுநர் இருந்தாக வேண்டும். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் இருந்தது, ஆளைத்தான் காணவில்லை.

எட்டாம் நாள் அந்தச் சிறிய கடைக்கு நன்றி சொல்லப் போனேன். கூட்டத்துக்கு மேலாக அந்தப் பெண் எட்டிப் பார்த்து, “சார், போச்சா?” என்றார். “போச்சும்மா” என்று நானும் உரக்கவே சொன்னேன்.

புறப்படும் அன்று மதினி ஒரு பழைய வேட்டியில் எதையோ சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன், மணை. “இனி இதுல யாரு உட்காருவா தம்பி, நீங்களே கொண்டுட்டுப் போங்க” என்றார். இரண்டரைக் கிலோ இருந்தது. அதற்காக அரிசி அப்பளத்தையும் பாதி அல்வாவையும் எடுத்து வெளியே வைத்தேன்.